வராத முதல் துண்டு

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். உனக்குச் சர்க்கரை அடங்கியதா, அங்கே குளிர் விட்டதா என்று எழுது.

இதை டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து எழுதுகிறேன். இடது கையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன், வலது கை சும்மா கிடக்கிறது. போனில் தட்டலாம்தான். ஆனால் நீ தட்டுகிற பதில் தந்தி மாதிரி வருகிறது. கடிதம் என்றால் இரண்டு பக்கமாவது எழுதுவாய். வாரம் மூன்று நாள் இங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டு பக்கம் பெரிய சாப்பாடு. காதுக் கருவி வைத்தும் இப்போது எதுவும் கேட்பதில்லை. நர்ஸ் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவள் எழுதுவதை எட்டிப் பார்த்துப் பிழை திருத்துகிறார். ரத்தம் சுத்தமாகிற நேரத்தில் என் தமிழும் சுத்தமாகிறது.

விஷயம் இதுதான். சின்னக்கா எனக்குச் சிறுநீரகம் தருகிறாளாம். ரத்த வகை பொருந்துகிறது. நான் வேண்டாம் என்றேன். அவள் என் முகத்தைத் திருப்பி, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "வீட்ல ரெண்டு குடை இருந்தா, நனையறவனுக்கு ஒண்ணு குடுக்க மாட்டோமா?" அத்தான், "விட்டா என் குடையையும் சேத்துக் குடுத்துருவா" என்றார். அவர் லாரியில் மாதம் பாதி நாள் வெளியூர். அவருக்கும் சம்மதம்தான் என்று நினைக்கிறேன்.

தாய்மாமாவும் இதே நோயில், இதே மாதிரி செவிடாகி, முப்பது வயதில் போனதால் டாக்டர் யோசிக்கிறார். முதலில் என் ரத்தத்தில் மரபணுவைப் படிப்பார்களாம். என்னிடம் பழுது அகப்பட்டால், அதே பழுது சின்னக்காவிடம் இருக்கிறதா என்று தேடுவார்களாம். அவளிடமும் இருந்தால் அவள் தர முடியாது.

அவள் இப்போதே உடம்பைக் குறைக்கத் தொடங்கிவிட்டாள். ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறாள். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும் என்று எங்கோ படித்தாளாம். சலவைக் கடை வேலைக்குப் போட்டுப் போகிற சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

மாத்திரையை மறக்காதே.

தம்பி

மார்ச் 2

தம்பிக்கு,

சர்க்கரை அடங்கவில்லை, குளிர் அடங்கிவிட்டது. உன் கடிதத்தை ஆய்வகத்து எலி அறையில் உட்கார்ந்துதான் படித்தேன். அங்கேதான் யாரும் என்னிடம் பேச வரமாட்டார்கள்.

எனக்குச் சர்க்கரை இல்லாவிட்டால் நான்தான் தந்திருப்பேன். இதை நீயும் அவளும் நம்புகிறீர்களா என்று தெரியவில்லை. அம்மா நோயில் கிடந்தபோது நான் படிப்பு என்று போனவள்தானே. சின்னவள் அன்றைக்கு ஏற்றிய கோபத்தை இன்னும் இறக்கவில்லை. எனக்கு ஒரு வரிகூட அவள் எழுதுவதில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒருமுறை கேட்டாய். அது உன் நோய்க்குப் பக்கத்து வீடு. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்வு கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. காதுக்குள்ளேயும் அதே புரதம் வேண்டும். இந்த வகைக் கொலாஜனைச் செய்யும் மரபணுக்கள் ஜோடி ஜோடியாக, முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை இடப்பக்கமாகப் படிக்க வேண்டும், இன்னொன்றை வலப்பக்கமாக. நடுவில் ஒரு சின்னப் பட்டை. இரண்டையும் முடுக்கும் விசை அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. ஒட்டிக் கட்டிய இரண்டு வீட்டுக்கு நடுச்சுவரில் ஒரே மெயின் சுவிட்ச் என்று வைத்துக்கொள். எலிக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற பிராணிகள் இதை விடாமல் வைத்திருக்கின்றன.

அந்தப் பட்டையை வெட்டினால் என்ன ஆகும் என்று நாங்கள் எலியில் பார்க்கிறோம். பாவம்தான். நான் வளர்த்ததை நானே அறுக்கிறேன்.

உன் ரத்தம் என்ன சொன்னது என்று உடனே எழுது. உப்பைத் தொடாதே.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பது பிறகு. என் மரபணுவில் பழுது எதுவும் அகப்படவில்லை. டாக்டர் இதைச் சொல்லும்போது சிலேட்டை வாங்கித் தானே எழுதினார். கிறுக்கல் கையெழுத்து, ஆனால் 'பழுதில்லை' என்பது நன்றாகப் புரிந்தது. துண்டு துண்டாகப் படித்தார்களாம். முதல் துண்டு மட்டும் இரண்டு தடவையும் வரவில்லையாம். ரத்தம் எடுத்ததில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்கள். மீதி எல்லாத் துண்டும் சுத்தம். என்னிடம் பழுதில்லை என்றால் சின்னக்காவிடம் தேடவும் ஒன்றுமில்லை. ஜூன் நடுவில் ஆபரேஷன்.

உனக்குச் சர்க்கரை எப்படி? நான் கேட்கவில்லை என்று நினைக்காதே.

வாத்தியார் கை கொடுத்தார். "உன் நாற்காலிய எனக்குக் குடுத்துரு, ஜன்னல் ஓரம்" என்றார். வீட்டில் சின்னக்கா அன்றைக்கு எனக்குப் பிடித்ததெல்லாம் செய்தாள். அவள் மட்டும் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். "குழந்தைச் சாப்பாடு" என்று கேலி செய்தேன். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அம்மாவும் கடைசி வருஷம் இப்படித்தான் எதையும் ஊறவைத்துத்தானே சாப்பிடுவாள்? அப்பா வீம்புக்காரி என்று திட்டுவாரே. நம் வீட்டுப் பெண்களுக்கே சாப்பாட்டின் மேல் ஒரு கோபம்.

எனக்கு முப்பத்தொன்று நடக்கிறது. மாமாவைத் தாண்டிவிட்டேன். நான் கண்ணாடி தீட்டுகிற லென்ஸ் கடை முதலாளி என் சாணை இயந்திரத்தை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றிருக்கிறார். வாழ வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது அக்கா. இதை நாற்காலியில் உட்கார்ந்து எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 19

என் தங்கமான தம்பிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். எலிகளுக்குக்கூடச் சொன்னேன். எங்கள் பேராசிரியர் சிரிக்காத மனிதர், அவரே சிரித்தார். ஜூனில் விடுப்புக் கேட்டிருக்கிறேன். சின்னவள் என்னை வாசலில் நிறுத்தினாலும் வருவேன்.

அவளை நன்றாகச் சாப்பிடச் சொல். எலும்பும் தோலுமாகப் போய்ப் படுத்தால் புண் ஆறாது.

சந்தோஷத்தில் வேறு எதுவும் எழுத வரவில்லை. நாற்காலியை வாத்தியாருக்கே கொடுத்துவிடு.

அக்கா

மே 4 (பதிவுத் தபால்)

தம்பிக்கு,

உட்கார்ந்து படி. நாற்காலியில் இருக்கிற நாளாக இருந்தால், இயந்திரத்திலிருந்து இறங்கிய பிறகு படி.

நேற்று புதிதாக வந்த மாணவி ஒருத்தி ஒரு எலியின் சோதனையைத் தூக்கிப் போட்டாள். "முதல் துண்டு வரவே இல்ல மேடம், ரத்த மாதிரி கெட்டுப்போச்சு போல" என்றாள். "மத்த துண்டெல்லாம் வந்துச்சா?" என்று கேட்டேன். வந்தது என்றாள். "அப்புறம் மாதிரி எப்படிக் கெட்டுப்போகும்? ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வரலைன்னா அது அங்க இல்லைன்னு அர்த்தம்" என்று திட்டினேன். பட்டை வெட்டப்பட்ட எலி அது. திட்டி முடித்ததும் எனக்கு உன் ஏப்ரல் கடிதம் ஞாபகம் வந்தது.

நான் படித்தவள். இதே வேலையைப் பத்து வருஷமாகச் செய்கிறவள். நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கூத்தாடினேன்.

அந்த மரபணு X குரோமோசோமில் இருப்பதால் ஆணுக்கு ஒரே பிரதிதான். உன் முதல் துண்டு கெட்டுப்போகவில்லை, உன்னிடம் அது இல்லை. அதோடு நடுப்பட்டையும் போயிருக்கும். வெட்டு அந்தப் பக்கத்து மரபணுவுக்குள்ளும் கொஞ்சம் நுழைந்திருந்தால் காதும் சிறுநீரகமும் மட்டும் போகாது என்று பேராசிரியர் சொன்னார். உணவுக்குழாயின் தசையும் தடித்துப் போகும். பெண்களுக்கும். முதலில் காய்ந்தது இறங்காது, பிறகு ஊறவைத்ததும் இறங்காது.

அம்மா வீம்பு பிடிக்கவில்லைடா. அவளால் விழுங்க முடியவில்லை.

பெண்ணுக்கு இரண்டு பிரதி இருப்பதால் நல்ல பிரதி கெட்ட பிரதியை மறைத்துவிடும். சிறுநீரகம் தள்ளாடிக்கொண்டே பல வருஷம் ஓடும். இரண்டு இருக்கிறவரைக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சீக்கிரம் உட்கார்ந்துவிடும். உனக்கு வைப்பதும் பழுதானதுதான், நெடுநாள் வராது. அவளும் உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவாள்.

அவளுக்கு போன் செய்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. "தொண்டைல இறங்கலையாடி?" என்று கேட்டேன். அப்புறம் சொன்னாள்: "ஒரு வருஷமா இறங்கல. மூத்திரத்துல ரத்தம் தெரியுதுன்னாங்க, மாதவிலக்குன்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன். அம்மாவத்தான் பாத்துக்கிட்டே இருந்துட்டோம். இவனையும் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?" ஆஸ்பத்திரிக்குச் சொல்வேன் என்றேன். "என் உடம்பு. சொன்னே, உன் முகத்துல முழிக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் கேட்கமாட்டாள். நீ சொன்னால்தான் நிற்கும். நீ சாக வேண்டும் என்று எழுதுகிற மாதிரி இருக்கிறது. அப்படித்தான் இருக்கிறது, வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை. பதில் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

மே 25

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஏப்ரலுக்குப் பிறகு உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. தபால்காரர் மாறியிருக்கிறார், கடிதங்கள் அங்கங்கே தங்கிவிடுகின்றன என்று தெருவில் பேச்சு.

ஆபரேஷன் ஜூன் 15. முந்தின நாள் இருவரும் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். வாத்தியார் இந்த வாரம் வரவில்லை. அவர் நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை, நர்ஸும் எழுதவில்லை.

வீட்டில் இப்போது நான் சின்னக்காவுக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

வெயில் அதிகம். நிறையத் தண்ணீர் குடி, நீயாவது குடிக்கலாமே.

தம்பி

மே 30

தம்பிக்கு,

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை இங்கே வந்துவிட்டது. உன் கையெழுத்து, எப்போதும்போல் கடைசி எழுத்துக்கு வால் வைத்து. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் வரவில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

நீ வாழ வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் பெயர் வேறு ஒருவருடைய சிறுநீரகத்துக்கான வரிசையில் இருக்கிறது. வரிசை நகரும். நகராமலும் போகும். பொய் சொல்லமாட்டேன்.

ஜூன் 14 மாலை நான் டாக்டருக்கு போன் செய்வேன். அதற்கு முன் நீயே சொன்னால் அது உன் வாயால் வந்ததாக இருக்கும். அவள் அதைத்தான் ஏற்பாள். நான் சொன்னால் இரண்டு பேரையும் இழப்பேன். சொல்லாவிட்டாலும் இழப்பேன். எனக்கு இதில் நல்ல பக்கம் என்று ஒன்றில்லை.

சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட இப்போது பயமாக இருக்கிறது.

அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம், இரண்டு பேரும், இரண்டிரண்டு சிறுநீரகத்தோடு. என்னுடையதைக் கணக்கில் சேர்த்தால்.

கடிதம் வந்தது. நாற்காலியில் இருந்தபோதுதான் படித்தேன், நீ சொன்னதைக் கேட்காமல். ரத்த அழுத்தம் விழுந்து நர்ஸ் ஓடிவந்தாள். அன்றைக்கு முழுக்க உன்னை வெறுத்தேன். பிறகும் நிற்கவில்லை. எலியை அறுக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். எல்லாம் படித்த திமிர் என்று நினைத்தேன். சாப்பிடும்போது அவள் எதிரில் உட்கார்ந்தேன், நீ சொன்னது பொய் என்று பார்க்க. அவள் ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, தண்ணீர் ஊற்றி இறக்குவாள். நான் பார்ப்பது தெரிந்தால் சிரிப்பாள். நானும் சிரித்தேன். அப்படித்தான் நாள் போனது.

14ஆம் தேதி போய்ச் சேர்ந்தோம். அடுத்தடுத்த கட்டில். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு மாத்திரை, பெரியது. நான் போட்டுக்கொண்டேன். அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மாத்திரை நின்றுவிட்டது போலிருக்கிறது, முகம் கறுத்தது. மறுபக்கம் திரும்பித் துண்டில் எடுத்தாள். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தாள். பிறகு அதைக் கரையும்வரை கன்னத்தில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கசப்பைக் காட்டாமல், உதடு தெரியும்படி, "தூங்கு" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை அக்கா. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். நாளைக்கு இந்நேரம் என் உடம்பில் புதுசு ஓடும் என்று நினைத்தேன். ஒரு குவளைத் தண்ணீரைப் பயமில்லாமல் முழுசாகக் குடிப்பேன் என்று நினைத்தேன். டாக்டர் சுற்றுக்கு வந்து என் காலைத் தட்டினார். எழுந்ததும் சிலேட்டைக் கேட்டேன். 'அவளுக்கு விழுங்க முடியாது. தொண்டையைப் பாருங்கள்' என்று எழுதினேன். எழுதி முடித்து அவரிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அவராகத்தான் பிடுங்கினார். நீ போன் செய்தபோது சிலேட்டு அவர் கையில் இருந்ததாம்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். நீ சொன்னதுதான். உணவுக்குழாய்த் தசையை வெட்டிச் சரிசெய்ய வேண்டுமாம்.

சின்னக்கா என்னிடம், "இவ்வளவு நாள் பாத்துக்கிட்டே இருந்தியே, இன்னும் ஒரு நாள் இருக்கக் கூடாதா?" என்றாள்.

நான் நல்லவன் என்று யாரிடமும் சொல்லாதே.

தம்பி

ஜூலை 1

என் கண்ணுக்கு,

சொல்லமாட்டேன். ஆனால் நினைப்பதை நீ தடுக்க முடியாது.

டாக்டர் அனுப்பிய உன் ரத்தத்தை இங்கே நானே பார்த்தேன். முதல் துண்டு இல்லை, பட்டை இல்லை, பக்கத்து மரபணுவின் ஓரமும் இல்லை. என்னுடையதையும் பார்த்தேன். எனக்கு எல்லாம் இருக்கிறது, இரண்டிரண்டாக. மூன்று பேரில் எனக்கு மட்டும் ஏன் என்று கேட்க ஆளில்லை. சர்க்கரை மட்டும் இல்லாதிருந்தால், என்னுடையது சுத்தமான சிறுநீரகம். அதை நினைத்து அழுதேன். எனக்கு அழ நேரமில்லை, எலிகளுக்குத் தீனி வைக்க வேண்டும்.

ஆகஸ்டில் வருகிறேன். வரிசை பற்றி டாக்டரிடம் பேசினேன், நல்லபடியாகச் சொன்னார். தவறாமல் நாற்காலிக்குப் போ. பழம் சாப்பிடாதே. எனக்காக இரு.

அக்கா

அக்டோபர் 11

அக்காவுக்கு,

சின்னவள்தான் எழுதுகிறேன். இவ்வளவு வருஷம் கழித்து எழுதுவதால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வீட்டில் சுகம். அவர் லாரிக்குப் போயிருக்கிறார்.

தம்பியின் காரியத்துக்கு நீ வந்திருந்தபோது உன்னிடம் நான் பேசவில்லை. உன் மேல் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கோபம்தான். அதோடு தொண்டையில் தையலும் இருந்தது. இப்போது ஆறிவிட்டது. எல்லாம் இறங்குகிறது. டாக்டர் என்னைப் பார்த்தால் தன் படத்தில் கையெழுத்துப் போட்ட ஓவியன் மாதிரி நிற்கிறார்.

அவன் எப்படிப் போனான் என்று உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நாற்காலிக்குப் போகிற நாள் காலையில், சட்டை மாட்டும்போதே விழுந்துவிட்டான். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்புச் சத்து ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்திக் கூப்பிட்டேன்.

அவன் பெட்டியில் உன் கடிதங்களைப் பார்த்தேன். எல்லாவற்றையும் படித்தேன். மே மாதத்துக் கடிதம் மடிப்பில் கிழிந்திருந்தது, அவ்வளவு தடவை பிரித்திருக்கிறான். அவனும் நீயும் என்னைப் பற்றியே பேசியிருக்கிறீர்கள். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவன் தெரிந்தும் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று உனக்கு எழுதியிருப்பான், தன்னைத் திட்டியும் எழுதியிருப்பான். அதை வைத்து அவனைக் குறைவாக நினைக்காதே. அத்தனை நாளும் நான் அவனுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் வாங்கிக்கொண்டுதான் இருந்தான். அந்த நாட்களில் அவன் முகத்தை நீ பார்க்கவில்லை. அம்மா இறந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததில்லை. சாப்பிடும்போது சிரித்தான்.

நீ சொன்னது சரி. ஒரு எழுத்துத் தப்பில்லை. நான் கொடுத்திருந்தால் அவனும் போயிருப்பான், நானும் போயிருப்பேன், என்ன ஒன்று, கொஞ்சம் பிந்திப் போயிருப்போம். டாக்டரும் அதையே சொல்கிறார். என்னால் கணக்குப் போட முடிகிறது. ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷமா, மூன்று வருஷமா? அதை அவனுக்குக் கொடுத்திருப்பேன் அக்கா. தெரிந்தே கொடுத்திருப்பேன்.

நீ என்னைக் காப்பாற்றினாய். அதற்காக உன்னை மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். இதற்குப் பதில் எழுதாதே. நானே எழுதுகிறேன்.

சர்க்கரையைப் பார்த்துக்கொள். எனக்கு இனி நீ ஒருத்திதான்.

தங்கை